பழைய வண்டியும் உதிரி பாகமும்

மதுரை மாநகருக்குள் விடியற்காலையில் எந்தச் சாலை வழியாக நுழைந்தாலும், நமக்கு முன்னே போய்க்கொண்டிருப்பது பெரும்பாலும் ஒரு மொபெட்டாகத்தான் இருக்கும். இருபுறமும் பால் கேன்கள் தொங்க ஒன்று. மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு மல்லிகை மூட்டை சுமந்து ஒன்று. சோழவந்தான் வெற்றிலைக் கட்டோடு ஒன்று. கீரைக்கட்டு, வாழை இலை, பிளாஸ்டிக் குடம், கருவாட்டுக் கூடை என்று அதில் ஏறாத சரக்கு இல்லை. லாரி போக முடியாத கண்மாய்க் கரையிலும் அது போகும். மிதிவண்டி தாங்காத பாரத்தையும் அது சுமக்கும். வைகைச் சமவெளியில் வாழும் எளிய குடும்பங்கள் பலவற்றுக்கு அதுவே மாட்டுவண்டி. அதுவே சம்பாதிக்கும் பிள்ளை.

இவ்வண்டிக்கும் நம் ஊருக்கும் பழைய உறவு உண்டு. திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911-ஆம் ஆண்டு மதுரையில் தொடங்கிய நிறுவனமே டி.வி.எஸ். பேருந்துப் போக்குவரத்தில் காலூன்றி, மோட்டார் வண்டிகளை விற்பது, செப்பனிடுவது, உதிரி பாகங்களை விற்பது, பின்னர் அவற்றை உற்பத்தி செய்வது என்று அது படிப்படியாக வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு ஏற்படவே, கரியிலிருந்து உண்டாக்கும் வாயுவைக் கொண்டு வண்டி ஓட்டும் சாதனத்தையும் அது செய்து கொடுத்தது. அக்குழுமத்தின் ஓசூர்த் தொழிற்சாலையிலிருந்து 1980-ஆம் ஆண்டு வெளிவந்ததே டி.வி.எஸ். 50. இருவர் அமர்ந்து செல்லத்தக்க முதல் இந்திய மொபெட் அதுவேயாகும். எந்த நிறுவனத்தின் மொபெட்டையும் ‘டி.வி.எஸ். பிஃப்டி’ என்றே அழைக்கும் பெரியவர்கள் நம் ஊர்ப் பக்கம் இன்றும் உள்ளனர்.

அந்த வண்டி இப்போது உற்பத்தியில் இல்லை. அதன் வழிவந்த எக்ஸ்.எல். வண்டிகளும், 2015-இல் வெளிவந்த எக்ஸ்.எல். 100 தொடங்கி, டூ-ஸ்ட்ரோக் எஞ்சினை விட்டு ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு மாறின. ஆயினும் பழைய வண்டிகள் மாட்டுக் கொட்டகைகளிலும் வீட்டுத் திண்ணையோரங்களிலும் சாய்ந்து கிடக்கின்றன. அவற்றைப் பழைய இரும்புக் கடைக்கு எடை போட்டு விடுவதா, செப்பனிட்டு ஓட்டுவதா என்ற கேள்வி பல வீடுகளில் எழுவதுண்டு. செப்பனிடுவது என்றால் எதை மாற்றுவது, எதை விட்டு வைப்பது? இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் அறிவியல் கழகத்தார் இவ்வாண்டு இக்கேள்வியை ஏட்டில் மட்டும் ஆராயவில்லை. விடுதிச் சமையற்கூடத்தில் பணிபுரியும் அம்மா ஒருவரின் வீட்டில், காலஞ்சென்ற கணவர் ஓட்டிய டி.வி.எஸ். 50 நான்காண்டுகளாக நின்றிருந்தது. சிலைமானுக்கு அப்பாலுள்ள தம் ஊரிலிருந்து நகருக்குப் பால் கொண்டுவர அவருடைய மகனுக்கு ஒரு வண்டி தேவைப்பட்டது. மகளிர் குழுவில் வாங்கிய சிறு கடன்தான் கையிலிருந்த பணம். ஒரு பட்டறையில், “போர் போய்விட்டது, பிளாக், பிஸ்டன் எல்லாம் மாற்ற வேண்டும்” என்று சொன்ன தொகை அந்தக் கடனை முழுவதும் விழுங்கிவிடும். நாங்கள் அவ்வண்டியைப் பள்ளியின் மிதிவண்டிக் கொட்டகைக்குக் கொண்டுவந்து, அறிவியல் ஆசிரியையான சகோதரியின் மேற்பார்வையில் பிரித்தோம். மெக்கானிக் அண்ணன் ஒருவர் சனிக்கிழமைதோறும் வந்து கற்றுக்கொடுத்தார். தேவையின்றி வாங்கும் ஒவ்வொரு பாகமும் அந்த அம்மாவின் ஒரு நாள் கூலி என்பதை நினைவில் வைத்தே ஒவ்வொரு திருகையும் கழற்றினோம்.

நோய் இன்னது, அதன் காரணம் இன்னது, அதைத் தணிக்கும் வழி இன்னது என்று ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்ய வேண்டும் என்று வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் கூறுகிறார். எஞ்சினுக்கும் இதுவே விதி. அளந்து பார்க்காமல் பாகம் வாங்குவது, நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பதைப் போன்றது.

எஞ்சின் வேலை செய்யும் விதம்

டி.வி.எஸ். 50-இன் எஞ்சின் டூ-ஸ்ட்ரோக் வகையைச் சேர்ந்தது. பிஸ்டன் ஒரு முறை மேலே சென்று ஒரு முறை கீழே வந்தால் ஒரு சுற்று முடிந்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை எரிபொருள் எரிந்து சக்தி கிடைக்கும். பிஸ்டன் மேலே செல்லும்போது, தனக்கு மேலுள்ள பெட்ரோல் கலந்த காற்றை அழுத்துகிறது. அதே நேரத்தில் அதற்குக் கீழேயுள்ள கிராங்க் அறையில் அழுத்தம் குறைவதால், கார்புரேட்டரிலிருந்து புதிய கலவை உள்ளே இழுக்கப்படுகிறது. ஸ்பார்க் பிளக்கில் பொறி எழுந்து கலவை எரிந்ததும் பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது. அப்போது புகை வெளியேறும் துவாரம் முதலில் திறக்கிறது. அடுத்து, கிராங்க் அறையில் காத்திருந்த புதிய கலவை பக்கத் துவாரங்கள் வழியாக மேலே ஏறுகிறது.

இதிலிருந்து இரண்டு செய்திகளை நாம் அறிந்துகொள்ள வேண்டும். முதலாவது, கிராங்க் அறை வழியாகப் பெட்ரோல் கலவை செல்வதால் அங்கே தனியாக எண்ணெய் நிரப்பி வைக்க இயலாது. பெட்ரோலோடு கலந்து ஊற்றும் டூ-டி ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குகளுக்கும் வழுவழுப்புத் தருகிறது. இரண்டாவது, கிராங்க் அறை காற்றுப் புகாததாக இருக்க வேண்டும். கிராங்க் தண்டின் இருபுறமும் உள்ள ரப்பர் ஆயில் சீல்கள் இதைக் காக்கின்றன. சில காசுகள் பெறும் இந்த ரப்பர் வளையம் கெட்டால் எஞ்சினே கெட்டது போல் தோன்றும். இதனைப் பின்னர் காண்போம்.

பிரிப்பதற்கு முன்

பழைய வண்டியை வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது பளபளப்பை அன்று, ஆர்.சி. புத்தகத்தை. அதிலுள்ள எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் பொறித்த எண்களோடு ஒத்திருக்க வேண்டும். சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். காகிதம் இல்லாத வண்டியை எவ்வளவு அழகாகச் செப்பனிட்டாலும் சாலையில் ஓட்ட முடியாது. அடுத்து, சட்டத்தில் விரிசல் உண்டா, பற்றவைத்த தழும்பு உண்டா, எஞ்சின் சுழல்கிறதா, இறுகிவிட்டதா என்பனவற்றைப் பார்க்க வேண்டும்.

பிரிக்கும்போது ஒழுங்கு மிக அவசியம். எங்களுக்குப் பெரிதும் உதவியது விடுதிச் சமையலறையில் ஒதுக்கிய பழைய இட்லித் தட்டு. ஒரு குழியில் கார்புரேட்டர்த் திருகுகள், அடுத்த குழியில் மேக்னெட் மூடியின் திருகுகள் என்று வைத்தோம். கழற்றும் ஒவ்வொரு நிலையையும் சகோதரியின் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டோம். துருவேறிய நட்டைச் சுத்தியலால் அடிக்காமல், துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓரிரவு ஊற வைத்தால் மறுநாள் தானே கழன்று வரும். பெட்ரோல் இருக்கும் இடத்தில் விளக்கோ அடுப்போ கூடாது. பின்னலை மடித்துக் கட்டி, துப்பட்டாவை எடுத்து வைத்த பிறகே சங்கிலியின் அருகே செல்ல வேண்டும்.

மூன்று கேள்விகள்

கிளம்பாத எஞ்சினிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும் என்று மெக்கானிக் அண்ணன் சொல்லித் தந்தார். பெட்ரோல் வருகிறதா? பொறி வருகிறதா? அழுத்தம் இருக்கிறதா? இம்மூன்றும் சரியாக இருந்தால் எஞ்சின் கிளம்பியே தீரும்.

பெட்ரோல்: நின்றுபோன வண்டியில் டேங்கின் உட்புறம் துருவேறி, அத்துகள் கார்புரேட்டரை அடைத்திருக்கும். டேங்கைக் கழற்றி, சிறு நட்டுகளையும் மண்ணெண்ணெயையும் உள்ளே போட்டுக் குலுக்கிக் கழுவலாம். கார்புரேட்டரின் ஜெட் என்பது மயிரிழை போன்ற துவாரமுள்ள பித்தளைத் திருகு. அதைப் பெட்ரோலில் ஊறவைத்துக் காற்றால் ஊதியே சுத்தம் செய்ய வேண்டும். ஊசியோ கம்பியோ விட்டுக் குத்தினால் துவாரம் பெரிதாகிவிடும். அதன்பின் எவ்வளவு திருகினாலும் அளவு சரிப்படாது.

இங்கே இக்காலத்துக்குரிய செய்தி ஒன்றும் உண்டு. நம் நாட்டில் பெட்ரோலோடு எத்தனால் கலப்பது 2022-இல் 10 சதவீதத்தை எட்டியது. 2025-இல் 20 சதவீதத்தை எட்டியது. டி.வி.எஸ். 50 உருவான காலத்தில் இக்கலப்பு இல்லை. எத்தனால் ஈரத்தை ஈர்ப்பது. பழைய வகை ரப்பரை ஊதவோ வெடிக்கவோ செய்யக்கூடியது. ஆகவே பெட்ரோல் குழாயையும் கார்புரேட்டரின் ரப்பர் வளையங்களையும், எத்தனால் தாங்கும் வகையில் புதிதாக வாங்குவதே நல்லது. வண்டியை வாரக் கணக்கில் நிறுத்துவதானால் டேங்கில் பழைய பெட்ரோலைத் தேங்க விடக்கூடாது.

பொறி: பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பார்த்தாலே எஞ்சினின் உடல்நிலை தெரியும். காப்பித் தூள் நிறம் நலம். கரியும் எண்ணெயும் படிந்த கறுப்பு, பெட்ரோலோ ஆயிலோ மிகுதி, அல்லது பொறி பலவீனம். வெளுத்த வெண்மை, காற்று மிகுதி, சூடு மிகுதி. பழைய வண்டிகளில் மேக்னெட்டுக்குள் கான்டாக்ட் பாயின்ட் இருக்கும். அதன் முகங்கள் கருகிப் பள்ளம் விழுந்திருந்தால் கண்டென்சர் பழுதாகியிருக்கலாம். பாயின்டின் இடைவெளி ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர், பிளக்கின் இடைவெளி ஏறத்தாழ 0.5 முதல் 0.6 மில்லிமீட்டர் என்பது பொதுவான அளவு. ஆயினும் வண்டியின் கையேட்டில் உள்ளதே முடிவானது. இவற்றை ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய தகடுகளால் அளக்கிறார்கள்.

அழுத்தம்: பிளக் இருந்த துவாரத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு பெடலை ஒருவர் மிதிக்க, விரலைத் தள்ளும் வேகம் தெரியும். எங்கள் வண்டியில் அந்தத் தள்ளுதல் மிகவும் சோர்ந்திருந்தது. ‘போர் போய்விட்டது’ என்று பட்டறையில் சொன்னதற்குக் காரணம் இதுவே. ஆனால் அழுத்தம் குறைவதற்கு ரிங் தேய்வதும் காரணமாகலாம், சிலிண்டர் தேய்வதும் காரணமாகலாம். முன்னதன் விலை சிறிது. பின்னதன் செலவு பெரிது. எது என்று எப்படி அறிவது?

ஒரு வகுப்பறைக் கணக்கு

கணித வகுப்பில் வட்டத்தின் சுற்றளவு விட்டத்தைப் போல் 3.14 மடங்கு என்று படிக்கிறோம். அந்த ஒரு கணக்கே எங்களுக்கு விடை தந்தது.

பிஸ்டன் ரிங் என்பது முழு வட்டமன்று. அதில் ஓர் இடத்தில் வெட்டு உண்டு. ரிங்கைப் பிஸ்டனிலிருந்து கழற்றிச் சிலிண்டருக்குள் நேராக வைத்தால், அந்த வெட்டில் ஒரு சிறு இடைவெளி தெரியும். சிலிண்டரின் அடிப்பகுதியில் ரிங் உரசுவதே இல்லை. ஆகவே அங்கே தேய்மானம் இல்லை. மேற்பகுதியில்தான் தேயும். ஒரே ரிங்கை இரண்டு இடங்களிலும் வைத்து இடைவெளியை அளந்தோம். அடிப்பகுதியில் 0.60 மில்லிமீட்டர், மேற்பகுதியில் 0.72 மில்லிமீட்டர். வேறுபாடு 0.12. இது சுற்றளவில் ஏற்பட்ட வேறுபாடு. இதை 3.14-ஆல் வகுத்தால் விட்டத்தில் ஏற்பட்ட தேய்மானம் கிடைக்கும். அது சுமார் 0.04 மில்லிமீட்டர். ஒரு தலைமயிரின் தடிமனுக்கும் குறைவு.

ஆனால் தேயாத அடிப்பகுதியிலேயே 0.60 மில்லிமீட்டர் இடைவெளி காட்டியது, புதிய ரிங் காட்டுவதைவிட மிக அதிகம். அதாவது ரிங் தேய்ந்துவிட்டது, சிலிண்டர் தேயவில்லை. லேத் பட்டறையில் சிலிண்டரைக் கருவி கொண்டு அளந்தவரும் அதையே உறுதி செய்தார். பிளாக்கும் பிஸ்டனும் வாங்கும் செலவு ஒரு செட் ரிங்கோடும் ஒரு கேஸ்கெட்டோடும் முடிந்தது.

சிலிண்டர் உண்மையிலேயே தேய்ந்திருந்தால், லேத்தில் சிறிது கடைந்து ரீபோர் செய்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போட வேண்டும். அவை 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீட்டர் கூடுதல் என்ற வரிசையில் கிடைக்கும். முதலில் பிஸ்டனை வாங்கி, அதை அளந்து, அதற்கேற்பச் சிலிண்டரைக் கடைவதே முறை. டூ-ஸ்ட்ரோக் பிஸ்டனின் ரிங் பள்ளத்தில் ஒரு சிறு முளை இருக்கும். ரிங்கின் வெட்டு அந்த முளையில்தான் அமர வேண்டும். இல்லையேல் ரிங்கின் முனை சிலிண்டரின் துவாரத்தில் சிக்கி உடைந்துவிடும். பிஸ்டனின் தலையிலுள்ள அம்புக்குறி சைலன்சர்ப் பக்கம் பார்க்க வேண்டும்.

சிறிய பாகம், பெரிய தொல்லை

ரிங் மாற்றியதும் வண்டி கிளம்பியது. ஆனால் ஆக்சிலேட்டரைத் தொடாமலேயே வேகம் கூடிக் கூவியது. பிறகு தானே நின்றது. பிளக்கைக் கழற்றினால் வெளுப்பு. முன்னர்ச் சொன்னபடி, காற்று மிகுதி என்பதற்கு அதுவே அடையாளம். கார்புரேட்டர் பொருந்தும் இடத்தில் சோப்பு நீரைத் தடவிப் பார்த்தோம்; உள்ளே இழுக்கவில்லை. எஞ்சியது மேக்னெட் பக்கத்து ஆயில் சீல். நான்காண்டுகள் அசையாமல் நின்றதில் அதன் உதடு இறுகிக் கல்லாகிப் போயிருந்தது. அந்த இடுக்கு வழியாகக் கிராங்க் அறைக்குள் வெறுங்காற்று புகுந்துகொண்டிருந்தது. இந்நிலையில் தொடர்ந்து ஓட்டினால் வழுவழுப்புக் குறைந்து, சூடேறி, பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும்.

மறுபக்கத்து சீல் கெட்டால் வேறு அடையாளம் காட்டும். அப்போது கியர் பக்கத்து எண்ணெய் கிராங்க் அறைக்குள் இழுக்கப்பட்டு, சைலன்சரில் வெண்புகை அடர்த்தியாக வரும். ஆகவே நெடுநாள் நின்ற டூ-ஸ்ட்ரோக் வண்டியைப் பிரித்தால் இரண்டு சீல்களையும் மாற்றிவிடுவதே சிக்கனம்.

உதிரி பாகம் தேர்ந்தெடுக்கும் முறை

எங்கள் அனுபவத்தில் பாகங்களை மூன்று கூறாகப் பிரித்துக்கொண்டால் கடையில் தடுமாற்றம் இராது.

முதற்கூறு, கேள்வியின்றி மாற்ற வேண்டியவை. ரப்பராலும் காகிதத்தாலும் ஆனவை எல்லாம் இதில் அடங்கும்: ஆயில் சீல், கேஸ்கெட், பெட்ரோல் குழாய், பழைய டயர், டியூப். உபயோகித்தாலும் உபயோகிக்காவிட்டாலும் காலம் இவற்றைத் தின்றுவிடும். பிரேக் ஷூவும் பிரேக் கேபிளும் இவற்றோடு சேர்க்கத்தக்கவை.

இரண்டாங்கூறு, அளந்த பின் மாற்ற வேண்டியவை: ரிங், பிஸ்டன், பேரிங், கிளட்ச் ஷூ, சங்கிலி. பின் சக்கரப் பல்சக்கரத்தின் மேலுள்ள சங்கிலியைப் பின்னோக்கி இழுத்தால் பல் பாதி தெரியும் அளவு விலகினாலோ, பற்கள் கொக்கி போல் வளைந்திருந்தாலோ, சங்கிலியையும் இரண்டு பல்சக்கரங்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதுச் சங்கிலியைத் தேய்ந்த பல் விரைவில் கெடுத்துவிடும்.

மூன்றாங்கூறு, கூடுமானவரை காக்க வேண்டியவை: சட்டம், எஞ்சின் உறை, கிராங்க், கார்புரேட்டரின் உடல். பழைய வண்டியின் உறுதியே இவற்றில்தான் இருக்கிறது.

கடைக்குச் செல்லும்போது பழைய பாகத்தைக் கையோடு கொண்டு செல்ல வேண்டும். பல பாகங்களின் மேல் எண் பொறித்திருக்கும். அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தால் யாரும் நம்மை ஏமாற்ற முடியாது. பேரிங்கில் 6202 என்று இருந்தால் உள் விட்டம் 15, வெளி விட்டம் 35, அகலம் 11 மில்லிமீட்டர். உலகில் எந்த நாட்டில் செய்த 6202-உம் இந்த அளவினதே. ஆயில் சீலில் மூன்று எண்கள் இருக்கும்; அவை உள் விட்டம், வெளி விட்டம், தடிமன். டயரில் 2.50-16 என்றால் அகலம் இரண்டரை அங்குலம், ரிம்மின் விட்டம் 16 அங்குலம். டயரின் ஓரத்தில் நான்கு இலக்கங்கள் தனியே இருக்கும்; 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். கடையில் புதிதாகத் தொங்கும் டயரும் வயதானதாக இருக்கலாம். மேலூர்ச் சாலையில் வெள்ளரிப்பட்டியிலேயே டி.வி.எஸ். ஸ்ரீசக்ராவின் டயர்த் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே உருவாகும் டயரைக் கூடத் தேதி பார்த்தே வாங்க வேண்டும்.

ஸ்பார்க் பிளக்கில் ஒரு நுட்பம் உண்டு. மறையின் நீளம் கூடினால் பிளக்கின் முனையைப் பிஸ்டன் இடிக்கும். அடுத்து, சூட்டைக் கடத்தும் திறனைக் குறிக்கும் எண். பாஷ் பிளக்கில் எண் பெரிதானால் சூடு தாங்கி நிற்கும் வகை; என்.ஜி.கே. பிளக்கில் எண் பெரிதானால் விரைவில் குளிரும் வகை. இரண்டும் நேர்மாறு. ஆகவே ஒரு நிறுவனத்தின் எண்ணை வைத்து மற்றொன்றை வாங்கக்கூடாது. ஒப்புப் பட்டியலைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

‘கம்பெனி பாகமா, லோக்கல் பாகமா?’ என்பது அடுத்த கேள்வி. உயிரைக் காக்கும் பிரேக்கிலும், எஞ்சினுக்குள் ஓடும் ரிங், சீல், பேரிங்குகளிலும் பெயர் பெற்ற நிறுவனத்தின் பாகமே வேண்டும். உறையின் மேல் பாக எண்ணும் விலையும் தெளிவாக அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மட்கார்டு, மூடி, கைப்பிடி ஆகியவற்றில் மலிவானதோ பழையதோ போதும். எங்களுக்கு ஒரு நல்ல பக்கமூடி பழைய சாமான் கடையில்தான் கிடைத்தது.

ஓடுவதை விட நிற்பது முக்கியம்

பழைய வண்டியைச் செப்பனிடுவோர் பணமெல்லாம் எஞ்சினுக்கே செலவிட்டு, பிரேக்குக்கு வரும்போது கையை விரிப்பது வழக்கம். பால் கேன் ஏற்றிய வண்டி சாலையில் குறுக்கே வரும் குழந்தைக்காக நிற்க வேண்டுமே! பிளாக், பிஸ்டனுக்குப் போகாமல் மிஞ்சிய பணத்தை நாங்கள் இரண்டு டயர்கள், இரு சக்கரங்களின் பிரேக் ஷூக்கள், கேபிள்கள் ஆகியவற்றுக்குச் செலவிட்டோம். இவ்வேலையில் நாங்கள் செய்த மிகச் சிறந்த கொள்முதல் இதுவே என்று கருதுகிறோம்.

பிரேக் டிரம்மைத் திறக்கும்போது உள்ளேயுள்ள தூசியை வாயால் ஊதக்கூடாது. பழைய ஷூக்களில் கல்நார் இருக்கக்கூடும். அது நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்து எடுப்பதே முறை. அவ்வாறே, கரி அடைத்த சைலன்சரைக் காஸ்டிக் சோடா கரைசலால் சுத்தம் செய்வோர் அலுமினியப் பாகத்தை அதில் போடவே கூடாது. வேதியியல் வகுப்பில் படித்தபடி, அது அலுமினியத்தை அரித்து, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜனை வெளியிடும். இவ்வேலையைப் பெரியவர் துணையின்றி மாணவியர் செய்யலாகாது.

பொம்மைக் காரிலும் இதே எஞ்சின்

நம் தோழியரின் தம்பிமார் சிலர் ரிமோட்டில் ஓடும் ‘நைட்ரோ’ கார்களைப் பழையதாக வாங்கி வருகின்றனர். அவற்றிலும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினே உள்ளது. பெரும்பாலும் 2 முதல் 3.5 சி.சி. வரையிலான குட்டி எஞ்சின். எரிபொருள் மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் ஆகியவற்றின் கலவை. ஸ்பார்க் பிளக்குக்குப் பதில், பிளாட்டினக் கம்பிச் சுருள் கொண்ட குளோ பிளக் இருக்கும். கிளப்பும்போது மட்டும் பாட்டரியால் சூடாக்கினால் போதும். பின்னர் மெத்தனால் எரிவதிலேயே அது கனன்றுகொண்டிருக்கும்.

இவ்வகை எஞ்சின்கள் பலவற்றில் ரிங் இல்லை. பிஸ்டனும் சிலிண்டர்க் குழலும் ஒன்றுக்கொன்று அளவாகக் கடைந்தவை. குளிர்ந்த நிலையில் கையால் சுழற்றினால் உச்சியில் பிஸ்டன் சற்றே இறுக வேண்டும். அந்த இறுக்கம் இல்லாவிட்டால் இரண்டையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். மற்றபடி காற்றுக் கசிவு, பிளக்கின் தோற்றம், அளந்து வாங்கும் விதி எல்லாம் மொபெட்டுக்கும் அதற்கும் ஒன்றே. மெத்தனால் கண் பார்வையையும் உயிரையும் பறிக்கும் நஞ்சு என்பதைப் பெற்றோர் மறக்கலாகாது. அதைத் தண்ணீர்ப் பாட்டிலில் ஒருபோதும் ஊற்றி வைக்கக்கூடாது.

ஓடத் தொடங்கிய பின்

ஆயில் கலப்பதில் கையேட்டின் அளவே வேதம். 50-க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி. 25-க்கு 1 என்றால் 40 மில்லி. குறைந்தால் எஞ்சின் இறுகும். கூடினால் புகையும் கரியும் மிகும். ‘இருக்கட்டும்’ என்று இன்னும் ஒரு மூடி ஊற்றுவது தவறு. புதிய ரிங் போட்ட வண்டியை முதல் சில நூறு கிலோமீட்டர்கள் முழு வேகத்திலும் முழுப் பாரத்திலும் ஓட்டாமல் பழக்க வேண்டும்.

டூ-ஸ்ட்ரோக் வண்டி காற்றை அதிகமாக மாசுபடுத்துவது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. புகை வெளியேறும் துவாரமும் புதுக்கலவை வரும் துவாரமும் ஒரே நேரத்தில் திறந்திருப்பதால், கலவையில் ஒரு பங்கு எரியாமலேயே வெளியேறிவிடுகிறது. அதனால்தான் அவ்வகை எஞ்சின் புதிய வண்டிகளிலிருந்து விலகியது. நல்ல ரிங்கும் சீலும் சரியான ஆயில் அளவும் அக்குறையைக் குறைக்குமேயன்றி நீக்கமாட்டா. கையில் பணமுள்ளவர் புதிய வண்டியை நாடட்டும். இல்லாதவர் தம் பழைய வண்டியைப் புகைச் சோதனையில் தேறும்படி வைத்துக்கொள்ளட்டும். பதிவு, காப்பீடு, தலைக்கவசம் மூன்றும் இருவருக்கும் பொது.

எங்கள் வண்டியை மெக்கானிக் அண்ணன் ஓட்டிப் பார்த்துத் தந்தார். அதன் பதிவும் புதுப்பிக்கப்பட்டது. கடன் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த அம்மாவின் கையிலேயே மிஞ்சியது. இப்போது அவருடைய மகன் அதில் இரண்டு கேன் பாலோடு நகருக்கு வருகிறார்.

ஆண்டவர் ஐந்து அப்பங்களைப் பலுகச் செய்து மக்களைப் பசியாற்றிய பின்னும், மீந்த துண்டுகளை வீணாக்காமல் சேர்த்து வைக்கும்படி சீடர்களுக்குச் சொன்னார். மிகுதியாகக் கொடுக்க வல்லவரே வீணாக்க விரும்பவில்லை என்றால், கடன் வாங்கிப் பிழைக்கும் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்! தச்சுப் பட்டறையில் உழைத்த புனித சூசையப்பரும் அளக்காமல் மரத்தை அறுத்திருக்க மாட்டார். வண்டியானாலும் தையல் இயந்திரமானாலும் வீட்டு மிக்ஸியானாலும், கெட்டது என்று ஒதுக்கு முன் ஒரு முறை திறந்து பாருங்கள். வாங்கு முன் ஒரு முறை அளந்து பாருங்கள். கையில் கறை படியும். ஆனால் அந்தக் கறை சோப்புக்குப் போய்விடும், கற்ற பாடம் போகாது.

– அறிவியல் கழக மாணவியர்